குண்டு பல்பில் ஆர்கான் எதற்கு? வெற்றிடமாகவே விட்டால் என்ன?

காற்றை உறிஞ்சிவிட்டாலே இழை எரியாதே, அப்புறம் ஆர்கான் என்ற மந்த வாயு (எதோடும் எளிதில் வினைபுரியாதது) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாணவராக இருக்க வேண்டும். 'ஆக்சிஜன் இருந்தால் எரிந்துவிடும்' என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்து விட்டிருப்பார்கள். காற்றை ஏன் எடுக்கிறார்கள் என்பதற்குத்தான் அது பதில்.

இழை டங்ஸ்டன் என்ற உலோகம். அது உருகுவது 3,422 டிகிரி செல்சியஸில். பல்பில் சுமார் 2,500 டிகிரிதான். உருகாது, ஆனால் ஆவியாகும். வெற்றிடத்தில் கிளம்பும் அணுவைத் தடுக்க ஆளில்லை. நேரே கண்ணாடியில் போய் அப்பிக்கொள்ளும். கண்ணாடி கறுக்கும். இழையில் மெலிந்த இடம் இன்னும் சூடேறி, இன்னும் வேகமாக ஆவியாகி, அங்கேயே அறும். வாயு இருந்தால் அணுக்களில் பெரும்பாலானவை அதில் முட்டி இழைக்கே திரும்பிவிடும்.

சிக்கல் என்னவென்றால், வாயு சூட்டையும் களவாடும். 1913-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இர்விங் லாங்மியூர் இதற்கு வழி கண்டார்: இழையைச் சுருளாகச் சுற்றுவது. சூடான கம்பியைச் சுற்றி வாயு அசையாத உறைபோல நிற்கும்; சுருள் முழுவதும் அந்த ஒரே உறைக்குள் அடங்கிவிடுவதால் இழப்பு குறைகிறது. 15 வாட் போன்ற சிறு பல்புகளில் இழை மிக மெல்லியது, சுருட்டியும் கட்டுபடியாகாது. அவற்றை வெற்றிடமாகவே விடுவார்கள். (நம் கடைகளில் 'ஜீரோ வாட்ஸ்' என்று விற்ற நைட் லேம்ப்பும் 15 வாட் அளவுக்கு இழுப்பதுதான். அந்தப் பெயரை வைத்தவரைக் கேட்க வேண்டும்!)

சுத்த ஆர்கானை மட்டும் அடைத்தால் 230 வோல்ட்டில் இரு முனைக் கம்பிகளுக்கு நடுவே மின்வில் (வாயு வழியே பாயும் மின்சாரப் பொறி) தாவும். அதனால் 5 முதல் 10 சதவீதம் நைட்ரஜன் கலப்பார்கள். நைட்ரஜன் மந்த வாயு இல்லையே என்று சண்டைக்கு வர வேண்டாம். தனிம அட்டவணைப்படி இல்லைதான், பல்புக்குள் இழையை அது அரிப்பதில்லை, அது போதும். கிரிப்டான் இன்னும் கனமானது, சூட்டை இன்னும் குறைவாகக் கடத்தும். ஆனால் காற்றில் ஆர்கான் 0.93 சதவீதம், கிரிப்டானோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விலையும் அப்படியே.

பியூஸ் போன பல்பைப் பார்த்தே காரணம் சொல்லலாம். தொங்கிய பல்பில் கறுப்பு கழுத்துப் பக்கம் திரண்டிருந்தால் வாயு பல்பு, ஆயுள் முடிந்தது: சூடான வாயு டங்ஸ்டனை மேலே தூக்கிப் போயிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கறுத்தால் வெற்றிட பல்பு. உள்ளே வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் எங்கோ விரிசல், காற்று புகுந்து டங்ஸ்டன் ஆக்ஸைடு ஆகிவிட்டது.

இப்போது வரும் ஃபிலமென்ட் எல்இடி பல்பில் கணக்கு தலைகீழ். அதற்குச் சூடு வெளியேற வேண்டும், அதனால் ஆர்கானைவிட எட்டு மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும் ஹீலியத்தை அடைக்கிறார்கள். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் எரியத்தான் செய்யும். ஹீலியம் போனபின் எல்இடி கூடுதல் சூட்டில் ஓடிச் சீக்கிரம் மங்கும். அதை ஹோல்டரில் திருகும்போது கண்ணாடியைப் பிடிக்காதீர்கள், அடிப்பாகத்தைப் பிடியுங்கள்.