ஊசியும் அணுவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் பெயரை வெளியிட வேண்டாம். வயது 33. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம். வீட்டுக் கடன் கொஞ்சம் குறையட்டும் என்று குழந்தையைத் தள்ளிப் போட்டோம். இப்போது வேண்டும் என்று இருவருமே நினைக்கிறோம். மனைவிக்கு 29.

ஆனால் ஒரு வருடமாக எனக்கு எதிலும் பிடிப்பில்லை. காலையில் எழும்போதே களைப்பு. ஆசை என்பதே வருவதில்லை. எடை 96 கிலோ ஆகிவிட்டது. போன மாதம் வேலை முடிந்து சாயங்காலம் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 262 என்று வந்தது. டாக்டர், “குறைவுதான், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்” என்று எழுதிக் கொடுத்தார். ஜிம் மாஸ்டரும் அதையே சொல்கிறார். போட்டால் குழந்தையும் சீக்கிரம் தங்குமாம். ஊசி போட்டால் விந்தணு குறையும் என்று எங்கோ படித்த ஞாபகம். எது சரி? ஊசியை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புள்ள தம்பி,

பீரோவில் இருக்கும் ஊசி இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். போட வேண்டாம். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த விஷயம் எங்கள் குடும்பத்துக்குள் வந்து ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தது. என் சித்தப்பா மகனோடு லேப், ஸ்கேன் சென்டர், டாக்டர் அறை என்று அலைந்தவன் நான். அப்போது கேட்டதையும் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். முடிவை ஒரு ஆண்ட்ராலஜிஸ்ட்டோ (ஆண்மலட்டு மருத்துவர்) எண்டோகிரைனாலஜிஸ்ட்டோ (ஹார்மோன் மருத்துவர்) பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஜிம் மாஸ்டர் சொன்னதுதான். அவர் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்புகிறார். நம் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். ‘ஆண்மை’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா? ஆசை வருவதும் ஆண்மை, மீசை அடர்வதும் ஆண்மை, புஜம் திரள்வதும் ஆண்மை, பிள்ளை பெறுவதும் ஆண்மை. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸும் எல்லாவற்றையும் ஒரே நோயாக்கி ஒரே மருந்து தருகிறேன் என்கிறது. உடம்புக்குள் அது ஒன்றல்ல. விரைக்குள் இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது. ஒன்று டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது, இன்னொன்று விந்தணு உண்டாவது. முதலாவதை வெளியிலிருந்து ஏற்றினால் இரண்டாவது படுத்துவிடும்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரிதான் ஆர்டர் போடும் ஆபீஸ். அங்கிருந்து எல்.எச். என்று ஒரு ஆர்டர் போகும், அது டெஸ்டோஸ்டிரோனுக்கு. எஃப்.எஸ்.எச். என்று இன்னொரு ஆர்டர் போகும், அது விந்தணுவுக்கு. ரத்தத்தில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆபீஸ் ஆர்டர் போடுகிறது. வெளியிலிருந்து ரெடிமேடாகச் சரக்கு வந்து குடோன் நிரம்பிவிட்டால்? இரண்டு ஆர்டரும் நின்றுபோகும். யூனிட்டில் மெஷின் ஓடாது.

ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே, அது விரைக்கும் போகுமே என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். போகும், ஆனால் போதாது. விந்தணு உண்டாக விரைக்குள் தேவைப்படும் டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அங்கேயே சுரந்தால்தான் அந்த அளவு கிடைக்கும்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. அதன் முடிவு 1990இல் வெளியானது. ஏழு நாடுகளில், ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் 157 பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். குறைந்தது, பாதியானது என்றெல்லாம் இல்லை, பூஜ்யம். உங்களுக்கு எழுதிக் கொடுத்த அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் மருந்து அதே மருந்து. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒருவர், கருத்தடையாகச் சோதிக்கப்பட்ட ஒன்றைக் குழந்தை தங்கட்டும் என்று போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னால் சும்மா இருக்க முடியாமல் போனது இதனால்தான். அதற்காக இந்த ஊசியைக் கருத்தடையாக யாரும் நம்பிவிடவும் கூடாது. எல்லோருக்கும் பூஜ்யம் ஆவதில்லை.

இதில் கொடுமை, போட்டுக்கொள்கிறவருக்கு எதுவும் தெரியாது என்பது. விந்தின் அளவில் மிகப் பெரும்பகுதி விந்துப் பையிலிருந்தும் ப்ராஸ்டேட்டிலிருந்தும் வரும் திரவம். விந்தணுவின் பங்கு மிகச் சிறிது. அதனால் அணு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் விந்து வழக்கம்போலவே வரும். ஆசை கூடும், உடம்பு முறுக்கேறும், தெம்பு வரும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் மனம் சொல்லும்.

சித்தப்பா மகன் என்றேனே, அந்தத் தம்பிக்கு அப்படித்தான் நடந்தது. 31 வயதில் ஒரு ஜிம்மில் ஆரம்பித்து இரண்டு வருடம் போட்டிருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தை தங்கவில்லை என்றதும் முதலில் அவன் மனைவியைத்தான் அழைத்துப் போனார்கள். மாதா மாதம் ஸ்கேன், மாத்திரை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே. வலியில் அந்தப் பெண் சுருண்டு படுத்திருந்ததை நான் பார்த்தேன். திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வந்து 48 நாள் சாப்பிட்டாள். கல்யாண வீடுகளில் ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் அவள்தான். கடைசியில், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு டாக்டர் அவனுக்கு விந்துப் பரிசோதனை எழுதினார்.

அந்த லேப் இன்னும் கண்ணில் நிற்கிறது. தாழ்ப்பாள் சரியாகப் பொருந்தாத ஒரு சின்ன அறை. மூடியில் இவன் பெயர் எழுதிய பிளாஸ்டிக் டப்பா. எத்தனை நாள் இடைவெளி, எத்தனை மணிக்கு எடுத்தது, சிந்தியதா என்று கேட்கும் படிவம். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. அளவு, நிறம் எல்லாம் சரி. எண்ணிக்கை என்ற வரிக்கு எதிரே ‘காணப்படவில்லை’ என்று இருந்தது. அவன் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான். மறுநாள் ஆண்ட்ராலஜிஸ்ட் அவன் தோளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “ஜிம்முல என்ன ஊசி போடுறீங்க?” பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் அணு திரும்பி வருகிறது. அந்த மாதிரிக் கருத்தடைச் சோதனைகளில் பங்கெடுத்த 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களைச் சேர்த்து 2006இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஒரு மில்லிக்கு 2 கோடி என்ற அளவுக்குத் திரும்ப, ஆறு மாதத்தில் 67 சதவீதம், ஒரு வருடத்தில் 90 சதவீதம் வாய்ப்பு. மிச்சப் பேருக்கு இரண்டு வருடம் வரை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் ஆரம்பத்தில் நல்ல எண்ணிக்கையோடு இருந்தவர்கள். நீங்கள் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. என் தம்பிக்கு ஊசியை நிறுத்தி, விரையைத் தூண்டும் எச்.சி.ஜி. என்ற வேறு ஊசி போட்டு, நான்காவது மாதம் சில அணுக்கள் தென்பட்டன. ஓரளவுக்கு வர ஒரு வருடம் ஆனது. நிறுத்திய முதல் சில மாதம் அவன் கட்டிலை விட்டு எழவே மனமில்லாமல் கிடந்தான். இப்போது ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் அந்த வருடத்தை அவன் மனைவி மறக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த 262. சாயங்காலம் எடுத்த ரத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது போகப் போக இறங்கும். உங்கள் வயதில் அந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்ட பிறகும் குறையும். அமெரிக்க யூராலஜி சங்கம் 300க்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறது, ஆனால் வேறு வேறு நாளில் அதிகாலையில் இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும், அறிகுறியும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் ஆணுக்கு வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் எழுதக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. உங்கள் டாக்டர் குழந்தை பற்றிக் கேட்டாரா? நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

ஆகவே நன்றாகத் தூங்கி எழுந்து, வெறும் வயிற்றில், பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள். அதோடு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான ப்ரோலாக்டின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு யூனிட்டில், அதாவது விரையில். எல்.எச்.சும் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் ஆபீஸ் ஆர்டர் போடவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ப்ரோலாக்டின் ரொம்ப அதிகமாக இருந்தால் பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு மாத்திரையே இருக்கிறது. நேராக ஊசிக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் தவற விடுகிறார்கள்.

அப்புறம் அந்த 96 கிலோ. கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அதுவும் ஆபீஸின் வாயை அடைக்கும். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்குக் காலையில் எழும்போதே களைப்பு இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருக்கும். ஷிப்மெண்ட் நாட்களில் எத்தனை மணி வரை விழித்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எடையும் தூக்கமும் சரியாகி எண் தானாக ஏறியவர்கள் உண்டு. குடி, வலி மாத்திரை எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

அதே வாரத்தில் விந்துப் பரிசோதனையும். எனக்கு இதுதான் மிக முக்கியம். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். ஒரு முறை குறைவாக வந்தால் இடிந்து போகாதீர்கள். ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் கீழே தள்ளிவிடும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், இடைவெளி விட்டு மறுபடி பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் உண்மையிலேயே குறைவு, ஆபீஸ்தான் ஆர்டர் போடவில்லை என்று தெரிந்தால், அணுவைக் கெடுக்காத வழிகள் இருக்கின்றன. க்ளோமிஃபீன் என்ற மாத்திரை, கருமுட்டை வளரப் பெண்களுக்குக் கொடுப்பது, ஆண்களில் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பும். உங்கள் விரையே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். பல நாடுகளில் ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல, டாக்டர்கள் அனுபவத்தில் தருகிறார்கள். எச்.சி.ஜி. ஊசி எல்.எச். போலவே நடந்துகொள்ளும். ஆனால் கோளாறு விரையிலேயே என்றால் இவற்றால் பெரிய பலன் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி உண்மையான நிவாரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தொடங்கும் முன்பே விந்தை எடுத்து மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கொள்ளலாம். உறையவைத்ததைப் பயன்படுத்த ஐ.யூ.ஐ. (கருப்பைக்குள் விந்தைச் செலுத்துவது) அல்லது ஐ.வி.எஃப். (உடம்புக்கு வெளியே கருவாக்குவது) என்று போக வேண்டியிருக்கும், உருக்கும்போது கொஞ்சம் சேதாரமும் உண்டு. டெஸ்டோஸ்டிரோனோடு எச்.சி.ஜி.யும் சேர்த்துப் போட்டு அணுவைக் காப்பாற்றியதாகச் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. குழந்தைக்காக இப்போதே காத்திருப்பவர் அதை நம்பி இறங்குவதை நான் விரும்ப மாட்டேன்.

என் யோசனை இதுதான்: முதலில் குழந்தை, அப்புறம் தேவைப்பட்டால் ஊசி. வரிசையை மாற்றாதீர்கள். டெஸ்டோஸ்டிரோனை 36 வயதிலும் ஆரம்பிக்கலாம், 40இலும் ஆரம்பிக்கலாம். உங்கள் மனைவியின் வயது காத்திருக்காது.

அவரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். ஆசை குறைந்ததற்குத் தான்தான் காரணமோ என்று அந்தப் பெண் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கலாம். துணி எடுக்க பீரோவைத் திறக்கும்போது அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ரிப்போர்ட்டுகள் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.