ரேஷன் அரிசியே இலவசம். சேலத்தில் உணவு வங்கி எதற்கு?

நியாயமான கேள்விதான். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆனால் வாங்க அட்டை வேண்டும், பொங்க அடுப்பு வேண்டும். ஜங்ஷன் பக்கம் படுத்துக் கிடப்பவரிடம் இரண்டும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவரின் அட்டையும் அடுப்பும் ஊரில் இருக்கின்றன.

உணவு வங்கி அடிப்படையில் ஒரு கிடங்கு. 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய ஏற்பாடு. விற்காமல் நிற்கும் நல்ல பொருளைச் சேர்த்து, தரம் பார்த்துப் பிரித்து, இல்லங்களுக்கும் சமையற்கூடங்களுக்கும் அனுப்பும். நம்மூரில் என்றால், செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் மூட்டை கிழிந்ததால் ஒதுக்கிய பருப்பு மாதிரி.

கல்யாண மண்டபத்து மிச்சம் வேறு கதை. தேங்காய் போட்ட பொரியலும் கூட்டும்தான் முதலில் ஊசிப்போகும். எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவும்போது போன் செய்தால் பாதி வீண். கடைசிப் பந்தி உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். அண்டாவில் இருப்பதை மட்டும் கொடுங்கள்; பரிமாறிய வாளியில் மிஞ்சியதை அதில் கொட்டாதீர்கள். (கொட்டத்தான் செய்கிறார்கள்!) மிகுதி உணவுக்கென்றே 2019-இல் மத்திய அளவில் விதிமுறைகள் வந்திருக்கின்றன.

ஏற்காட்டுக்கு இந்த வழி சரிப்படாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கும் அப்பால் மலைக்கிராமம் போய்ச் சேர்வதற்குள் சாப்பாடு கெட்டுவிடும். காப்பிப் பழம் பறிப்பு முடிந்து கூலி வேலை குறையும் மாதங்களில் பருப்பு, எண்ணெய், நிலக்கடலை என்று கெடாத பொருளாக அனுப்பலாம். அரிசி அங்கேயும் ரேஷனில் வந்துவிடும். சோற்றோடு சேர வேண்டியதற்குத்தான் தட்டுப்பாடு.