கேள்வி பதில்: நாலு பேரை நடத்த என்ன குணம் வேண்டும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 31 வருஷம் இருந்தேன். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகச் சேர்ந்து, செக்கிங், சூப்பர்வைசர் என்று போய், கடைசிப் பதினோரு வருஷம் புரொடக்‌ஷன் மேனேஜர். தலைமைக்கு என்ன குணம் வேண்டும் என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். மொபைலில் கேமரா பார்த்துக்கொண்டே ஆள் நடத்துகிறவர்கள் முதலில் அதை அணைத்துவிட்டு வாருங்கள்.

பெருமாநல்லூர்: அப்பாவின் கம்பெனிக்கு வந்து மூன்று மாசம் ஆகிறதுங்க அக்கா. 40 மெஷின். டெய்லர்கள் எல்லாம் என்னைவிட மூத்தவர்கள். என்னை மதிக்க வைப்பது எப்படி?

மதிக்க வைக்க முடியாது கண்ணு. அவர்களாக மதித்தால் உண்டு. முதலில் ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கப் பழகு. அவர்களைவிட நன்றாகத் தைப்பதற்காக இல்லை. ‘ஊசி உடைஞ்சுது, அதான் லேட்டு’ என்று ஒருவர் சொன்னால் அது நிஜமா சாக்கா என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அப்புறம் சனிக்கிழமைச் சம்பளம். ஏழு மணி என்றால் ஏழு மணி. சந்தைக்குப் போக வேண்டியவர்களை ஒன்பது வரை நிற்க வைத்துவிட்டுத் திங்கட்கிழமை எதை எதிர்பார்ப்பாய்?

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நான் செய்த தப்பையே சொல்கிறேன். சூப்பர்வைசராக இருந்தபோது ஒரு கைமடிப் பெண் எண்ணெய்க் கறை பட்ட பீஸைக் கொண்டுவந்து காட்டினாள். ‘யார் பண்ணுனது?’ என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் முகம் செத்துவிட்டது. அடுத்த வாரம் ஆறாயிரம் பீஸ் ஆர்டரில் கழுத்துப் பட்டித் துணியின் (ரிப்) நிறம் மாறியிருந்தது. அவள் முதல் நாளே பார்த்துவிட்டாளாம். சொல்லவில்லை. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில்தான் தெரிந்தது. பிரித்துத் தைத்து, கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றினோம். அந்தக் காசெல்லாம் கம்பெனி தலையில்தான்.

அன்றிலிருந்து குறை சொல்லி வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி: எந்தக் கட்டு, எத்தனை பீஸ்? ‘யார்’ என்பதை மறுநாள் தனியாகக் கேட்டுக்கொள்வேன். கெட்ட சேதியைப் பயப்படாமல் உன் மேசைக்குக் கொண்டுவருகிறார்களா என்று மட்டும் பார். கொண்டுவந்தால் மதிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈரோடு: தலைமைக்கு எந்தக் குறளைப் படிக்கலாம்?

எல்லோரும் இறைமாட்சி என்பார்கள். நீங்கள் 45ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். இடித்துச் சொல்ல ஆள் இல்லாதவன் கதி அதில்தான் இருக்கிறது.

பல்லடம்: இது பிறவிக் குணமா, பழக்கமா?

இருபது வயதில் எனக்கு நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழக்கம்தான்.

அவிநாசி: பழைய டெய்லர் ஒருத்தர் சொல்வதைக் கேட்பதே இல்லைங்க.

பெருமாநல்லூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்செங்கோடு, போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்: அம்மா, நீங்கள் சொல்வது பனியனுக்குச் சரி. அதட்டல் இல்லாமல் ஆள் வேலை செய்யாது. பயம் வேணும்.

ரிக் ஓடும்போது கத்தாமல் காது கேட்காது. அது சத்தம், அதட்டல் வேறு.

கோவை, பவுண்டரி: அவர் சொல்வதும் நியாயம்தானுங்க. இரும்பு உருகி நிற்கும்போது ‘தம்பி, கொஞ்சம் தள்ளிக்கிறியா’ என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது. ஆபத்தில் ‘தள்ளு!’ என்று கத்துகிறவரைத்தான் நம்புவார்கள். டீ நேரத்திலும் அதே குரல் வருகிறதா என்பதுதான் என் கேள்வி.

திருச்செங்கோடு: எங்க அப்பாரு குரல் கேட்டாலே ஆட்கள் நடுங்குவாங்க. ஒருத்தர்கூட வேலையை விட்டுப் போனதில்லை.

அப்போது போக இடமில்லைங்க! இப்போது ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஊருக்கென்று போனால் திரும்புவார்களா என்பதே சந்தேகம். பக்கத்து கம்பெனியில் பீஸ் ரேட் பத்துப் பைசா கூட என்றால் நம்மூர்க்காரரும் போய்விடுகிறார்.

1984இல் பஞ்சப்படி (அகவிலைப்படி) கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எங்கள் அப்பா அப்போது கட்டிங்கில் இருந்தார். நாலு மாசம் வீட்டில் ராகிக் களிதான். அது முடிந்ததும் வேறு கம்பெனியில் கூப்பிட்டார்கள். அப்பா பழைய முதலாளியிடமே போனார். ஏன் என்று கேட்டேன். ‘பேசக் கூப்பிட்டா ஆளை அனுப்பாம அவரே வந்து உக்காந்தாரு’ என்றார். அந்த முதலாளியை யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

பயம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வரைதான் வேலை செய்யும். அதனால்தான் எல்லோரும் கேமரா மாட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. 1970இல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக்கியபோது எதிர்த்து நின்றவர். 1972இல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்களே, அந்த வண்டிக்காரர் ஒருவருக்காவது அவர் சம்பளம் போட்டாரா? அதட்டியிருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். சம்பளம் கொடுப்பவர் பின்னால் ஆள் நிற்பதை வைத்து நம் குணத்தை எடை போட முடியாது.

திருச்செங்கோடு: சரிங்க, அவர் பிற்பாடு கட்சி ஆரம்பித்தாரே, அந்தக் கூட்டம் ஏன் ஓட்டாக மாறவில்லை?

நல்ல கேள்வி. கரண்டுக்கு நம்பினார்கள், கோட்டைக்கு நம்பவில்லை போல. ஒரு காரியத்தில் ஒருவரை நம்புவது எல்லாக் காரியத்துக்கும் ஆகாது. உங்கள் அப்பாருக்கும் இதே கணக்குத்தான்.

உடுமலை: புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன் அக்கா. ஆம்பளை டெய்லர்கள் ஜாடையாகக் கேலி பேசுகிறார்கள்.

எனக்கும் பேசினார்கள் அம்மிணி. அழாதே, சிரித்து மழுப்பவும் செய்யாதே. பேசியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘அண்ணா, என்ன சொன்னீங்க, காதுல விழல’ என்று கேள். இரண்டாவது தடவை சொல்ல அநேகருக்குத் தைரியம் வராது. எல்லை மீறினால் அன்றைக்கே எழுத்தில் கொடு. அப்புறம் ஒரு தப்பு செய்துவிடாதே: ஆம்பளை மாதிரி ஆகவேண்டும் என்று நீயும் கெட்ட வார்த்தை பழகாதே. நான் ஒரு வருஷம் பழகினேன். விடுவதற்கு மூன்று வருஷம் ஆனது.

காங்கயம்: வயதில் மூத்த ஆட்களை வேலை வாங்குவது எப்படிங்க?

மேலே பாருங்கள். மூன்றாவது ஆள் நீங்கள்.

கரூர்: ஆர்டர் குறைந்துவிட்டது. ஆட்களிடம் சொன்னால் ஓடிவிடுவார்கள். மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சாயம் போட வழியில்லாமல் துணி நின்றுபோனது. நான் இருந்த இடத்தில் முதலாளி டீ நேரத்தில் வந்து, ‘மூணு வாரத்துக்கு வேலை இருக்கு. அதுக்கு மேல எனக்கே தெரியாது. தெரிஞ்ச அன்னிக்குச் சொல்றேன்’ என்றார். சொன்னபடி ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளத்தோடு நிலவரமும் சொன்னார். ஆட்கள் போகத்தான் செய்தார்கள், பாதிப் பேர். ஆனால் சாயம் திரும்ப ஓட ஆரம்பித்ததும் வந்துவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே இன்னொரு கம்பெனியில் ‘ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்து ஒருநாள் கேட்டைப் பூட்டினார்கள். அங்கே திரும்ப லைன் ஓட்ட டெய்லர் கிடைக்காமல் அலைந்தார்கள்.

நாமக்கல்: கம்பெனி தொடங்க லோன் எங்கே கிடைக்கும்?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

அவிநாசி: அக்கா, ஃப்ளோருக்கு எந்தக் கேமரா நல்லதுங்க?

இவ்வளவு நேரம் என்ன படித்தீர்கள்? கேட்டிலும் குடோனிலும் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். ஃப்ளோருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு நீங்களே உட்காருங்கள்.