பினாங்கு விடுமுறைக்குத் தள்ளுவண்டியா, கேரியரா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்பது மாதம், எடை ஒன்பது கிலோவை நெருங்குகிறது. பள்ளி விடுமுறையில் நான், கணவர், மாமியார் மூவரும் குழந்தையுடன் கிள்ளானிலிருந்து எங்கள் மைவி காரில் பினாங்குக்குச் சென்று, ஜார்ஜ்டவுனில் நான்கு நாள் தங்கவிருக்கிறோம். லிட்டில் இந்தியா, தண்ணீர்மலை முருகன் கோயில், கொடிமலை, பத்து ஃபெரிங்கி கடற்கரை ஆகிய இடங்களைப் பார்க்க எண்ணம். தள்ளுவண்டியும் கார் இருக்கையும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை 1,100 வெள்ளிக்கு ஒரு கடையில் காட்டினார்கள். காரில் ஏற்கெனவே குழந்தை இருக்கை உள்ளது. குழந்தையை உடலோடு கட்டிச் சுமக்கும் கேரியர் ஒன்றே போதும் என்கிறார் கணவர். குழந்தையைக் கட்டியே சுமந்தால் கால் வளைந்துவிடும் என்று மாமியார் அஞ்சுகிறார். எதை வாங்குவது?
— வாசகி, கிள்ளான்

பதில்: அந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம். முதலில் நல்ல கேரியர் ஒன்றை வாங்குங்கள். அதன் பிறகு, எளிதில் மடங்கும் எடை குறைந்த தள்ளுவண்டியை உறவினர் வீட்டில் இரவல் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் அதற்குச் செலவு செய்யுங்கள். தொகுப்பின் விலையில் ஒரு பகுதி உங்களிடம் ஏற்கெனவே உள்ள கார் இருக்கைக்குத்தான் போகும். மேலும், அத்தகைய வண்டிகளின் சட்டகம் பெரியது. நான்கு நாள் துணிமணிகளை ஏற்றிய மைவியின் பின்பெட்டியில் அதற்கு இடம் கிடைப்பது கடினம்.

நீங்கள் பார்க்கவிருக்கும் இடங்களே இதற்குக் காரணம். ஜார்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். அதன் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி எனும் நடைபாதையில் ஒவ்வொரு கடைக்காரரும் தத்தம் வாசலுக்குத் தனி உயரத்தில் தளம் போட்டிருப்பதால், ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகும்போதே ஒரு படி ஏறவோ இறங்கவோ நேரும். இடையில் மோட்டார் சைக்கிள் நிற்கும், பூக்கட்டும் மேசை இருக்கும், நாசி கண்டார் கடையின் நாற்காலிகள் இருக்கும். தள்ளுவண்டியோடு வருபவர் அதைத் தூக்கி இறக்கி, கால்வாயைத் தாண்டி, வண்டிகள் ஓடும் சாலைக்கே வந்துவிடுகிறார். அங்கே குழந்தையின் முகம் வாகனங்களின் புகைக்குழாய்க்கு அருகில் இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கேரியரில் இருக்கும் குழந்தை உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். கூட்டத்திற்குள் நுழைந்து வெளிவரவும் உங்கள் இரு கைகளும் விடுபட்டிருக்கும்.

தண்ணீர்மலையில் தெரிவுக்கே இடமில்லை. அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 513 படிகள் ஏற வேண்டும். பத்துமலையின் 272 படிகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. விடியற்காலையில், கேரியரை உங்கள் கணவர் அணிந்துகொண்டு ஏறுவது நல்லது. ஏறும்போது மூச்சு வாங்குவதுதான் சிரமம்; ஆபத்து இறங்கும்போதுதான் இருக்கிறது. குழந்தை முன்பக்கம் கட்டப்பட்டிருப்பதால் இறங்குபவருக்குத் தம் பாதமும் அடுத்த படியும் தெரியாது. ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும். நீங்கள் ஒரு படி முன்னால் இறங்குங்கள். படங்களுக்காக நடுவழியில் நின்று திரும்ப வேண்டாம்.

கொடிமலைக்கு ரயிலில் ஏறும்போதும் கேரியரே வசதி. விடுமுறைக் கூட்டத்தில் படிப்படியாக அமைந்த பெட்டிக்குள் விரித்த வண்டியோடு நுழைவது உங்களுக்கும் பிறருக்கும் தொல்லை. உச்சியில் பாதைகள் தார் போட்டவைதான் என்றாலும் சரிவானவை. அங்கே தள்ளுவண்டியை விரித்தால், நிற்கும்போதெல்லாம் பிரேக் போட்டிருக்க வேண்டும். பத்து ஃபெரிங்கி மணலில் சிறு சக்கரங்கள் புதைந்துவிடும்.

அப்படியானால் தள்ளுவண்டி எதற்கு? உங்கள் மாமியாருக்காகவும் மாலை நேரத்திற்காகவும். கர்னி டிரைவ் கடலோர நடைபாதை, பாடாங் கோத்தா திடல், பேரங்காடிகள், தாவரவியல் பூங்காவின் சாலை ஆகியவை சமதளமாகவோ அகலமாகவோ இருப்பவை. அங்கே குழந்தை காலை நீட்டித் தூங்கலாம். பெரியவர்களின் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கும். ஒன்பது கிலோக் குழந்தையைப் பாட்டியால் நெடுநேரம் சுமக்க முடியாது, ஆனால் வண்டியைத் தள்ளிப் பேரனோடு உலவ முடியும். இரண்டு எச்சரிக்கைகள்: பேரங்காடியில் மின்படிக்கட்டில் வண்டியை ஏற்றாமல் மின்தூக்கியில் போங்கள், தாவரவியல் பூங்காவில் வண்டியின் கூடையில் பழமோ ரொட்டியோ வைக்காதீர்கள், குரங்குகள் கூச்சமின்றி வந்து எடுக்கும்.

மாமியாரின் அச்சத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அதில் ஒரு நியாயம் உண்டு. கவட்டைக்கு நடுவில் மட்டும் ஒடுங்கிய துணியைக் கொண்ட கேரியரில் குழந்தையின் கால்கள் நேராகத் தொங்கும். அது வளரும் இடுப்பு மூட்டுக்கு உகந்ததன்று. ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை தொடைகளைத் தாங்கும் அகலமான இருக்கை வேண்டும். முழங்கால்கள் புட்டத்தை விடச் சற்று உயர்ந்து, கால்கள் விரிந்து மடங்கியிருக்க வேண்டும். நம் பாட்டிமார் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொள்ளும்போது அதன் கால்கள் எப்படி அமைகின்றனவோ, அதே அமைப்புத்தான் இது. கடையில் மாமியாரையும் அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினால் அவரே ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

கேரியரைப் பெட்டியில் பார்த்து வாங்காமல், குழந்தையை அதில் உட்காரவைத்துக் கால் மணி நேரமாவது கடைக்குள் நடந்து பாருங்கள். எடை தோளில் இறங்காமல் இடுப்புப் பட்டையில் நிற்க வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். மோவாய் நெஞ்சில் ஒட்டிக் கிடக்கக் கூடாது, ஏனெனில் அந்த நிலையில் மூச்சுப்பாதை ஒடுங்கும். நான்கு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி என்றாலும், உங்கள் மகனும் தூங்கிவிட்டால் தலை சரியும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். முகம் வெளியே பார்க்கும்படி கட்டியிருந்தால், தூக்கம் வந்ததும் உள்பக்கம் திருப்பிவிடுங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் கவனமாக இருக்க வேண்டும். பினாங்கின் நண்பகல் வெயிலில் இரு உடல்கள் ஒட்டியிருந்தால் இருவருக்கும் சூடு ஏறும். வலைத்துணி வைத்த கேரியரைத் தேர்ந்தெடுத்து, குழந்தைக்கு ஒரே ஒரு மெல்லிய பருத்தி உடை போட்டு, காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் சுற்றுங்கள். வெயிலுக்காகத் தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடும் பழக்கத்தைக் கட்டாயம் தவிருங்கள். காற்று நின்றுபோய் உள்ளே வெப்பம் விரைவில் கூடிவிடும்.

தள்ளுவண்டிக்கு, குழந்தையின் இரு தோள்கள், இடுப்பின் இரு பக்கம், கவட்டை ஆகியவற்றைப் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டை வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 1888 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்833 குறிக்கப்பட்டிருப்பது நல்ல அடையாளம். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் அதை மடக்கித் தூக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த வண்டி உங்களுக்கு உதவாது. மடியும் கீல்களை விரலால் தடவிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனம் ஏறத்தாழ பத்து லட்சம் தள்ளுவண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு விடுத்ததற்கு, கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான பன்னிரண்டு நிகழ்வுகளே காரணம். எனவே இரவல் வண்டியாக இருந்தாலும், விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை அருகில் இருக்கக் கூடாது. கைப்பிடியில் கடைப்பைகளை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிய அந்த நொடியிலேயே வண்டி பின்பக்கம் சாயும். குழந்தை உட்கார்ந்திருக்கும்போதும் எடை மிகுந்தால் அதுவே நடக்கும்.

பயணத்தைப் பற்றி ஒரு சொல். 1.1.2020 முதல் நம் மலேசியாவில் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். வழியில் மகன் அழுதான் என்பதற்காகக் கேரியரில் கட்டி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்; கேரியர் மோதலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. தாப்பாவிலும் சுங்கை பேராக்கிலும் ஓய்வுத்தலங்கள் உள்ளன. நிறுத்தி, இறக்கி, பால் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: கடை ஒன்றில் வாங்கிய கேரியரின் கொக்கி ஒரு வாரத்திலேயே உடைந்துவிட்டது. நல்ல வேளையாகக் குழந்தை கீழே விழவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டி, கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், செந்தூல்

பதில்: அந்தப் பலகை உங்கள் உரிமையைப் பறிக்காது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்திலும் அதன் நோக்கத்திற்குப் பொருத்தமாகவும் இருக்கும் என்ற உத்தரவாதம் தானாகவே உண்டு. அதை அறிவிப்புப் பலகையால் விலக்கிவிட முடியாது. குழந்தையைச் சுமக்கும் கொக்கி ஒரு வாரத்தில் உடைவது ஏற்கத்தக்க தரமே அன்று. ஆனால் இந்தப் பாதுகாப்பு வணிகம் செய்பவரிடம் வாங்கிய பொருளுக்குத்தான். தெரிந்தவரிடம் பழைய பொருளாக வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவாது.

கொக்கியைத் தைத்தோ ஒட்டியோ மறுபடி பயன்படுத்தாதீர்கள். உடைந்த துண்டு, ரசீது, பொருளின் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, பணத்தைத் திருப்பித் தருமாறு கடைக்காரருக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். மூன்று ஆண்டு அவகாசம் இருந்தாலும், ரசீதின் எழுத்து மங்குவதற்குள் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.