கேட்டதெல்லாம் ஏன் மனதில் நிற்பதில்லை?

கேள்வி: தினமும் இஸ்லாமிய மார்க்கச் சொற்பொழிவுகள் கேட்கிறேன். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. பயனுள்ள கல்வியை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இன்று உங்கள் மீது கடமையாக உள்ளதிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒளு (தொழுகைக்கு முன் கைகால், முகம் கழுவும் முறை), தொழுகை. வியாபாரம் செய்தால் ஜகாத்தும் (கடமையான தர்மம்) கொடுக்கல் வாங்கல் சட்டங்களும். சர்ச்சைகள் காத்திருக்கட்டும், அடிப்படை தெரியாமல் அதற்குள் போகிறவர் தர்க்கம் செய்யத்தான் பழகுகிறார்.

குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் கடமையான தொழுகைகளின் 17 ரக்அத்களிலும் (தொழுகையின் சுற்றுகள்) ஓதுகிறோம், ஆனால் பலர் தமிழ் எழுத்தில் பார்த்துப் பாடம் செய்திருக்கிறார்கள். ‘அல்ஹம்து’விலும் ‘இஹ்தினா’விலும் வருவது அரபியில் வெவ்வேறு ஹா, தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ஹ’தான். ‘அன்அம்த’ என்பதை ‘அன்அம்து’ என்று ஓதினால் ‘நீ அருள்புரிந்தாய்’ என்பது ‘நான் அருள்புரிந்தேன்’ என்றாகிவிடும்! இதைக் காணொளி திருத்தாது. உஸ்தாத் (ஆசிரியர்) முன் அமர்ந்து ஓதிக் காட்டியே ஆக வேண்டும்.

பிறகு 93ஆம் அத்தியாயம் ளுஹா முதல் சிறிய சூராக்கள் (அத்தியாயங்கள்). நபித்தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றின் பொருளை அறிந்து செயல்படுத்தும் வரை அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள். உங்களுக்கு வாரம் மூன்று வசனங்கள் போதும்: ஓதல், பொருள், அன்றைய தொழுகையிலேயே ஓதுதல். தொழுகையில் ஓதாத சூராதான் முதலில் மறக்கும்.

சொற்பொழிவு கேட்டால் ஒரே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹதீஸ் (நபிமொழி) என்றால் நூலின் பெயர், எண், தரம் (நம்பகத்தன்மை) மூன்றையும் மார்க்க அறிஞரான ஆலிமிடம் உறுதிசெய்த பிறகே பிறருக்கு அனுப்புங்கள்.

சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் கேட்ட துஆ (பிரார்த்தனை) இப்னுமாஜா என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது: ‘அல்லாஹும்ம இன்னீ அஸ்அலுக இல்மன் நாஃபிஅன், வ ரிஸ்கன் தய்யிபன், வ அமலன் முதகப்பலன்.’ (இறைவா, பயனுள்ள கல்வியையும் தூய வாழ்வாதாரத்தையும் ஏற்கப்படும் செயலையும் உன்னிடம் கேட்கிறேன்.) இதையும் உஸ்தாதிடமே பாடம் செய்யுங்கள்.