ஒரு மலையில் தோற்றால் எல்லாம் முடிந்ததா?

கேள்வி: சைக்கிள் பந்தயங்களைப் பற்றி என் மகன் மூலமாகத்தான் எனக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சனி, ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வருவான். 2025 ஜிரோ டி இத்தாலியாவில் இசாக் டெல் டோரோ என்ற மெக்சிகோ பையன் 11 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு, கடைசிக்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் கோட்டைவிட்டதை யூடியூபில் காட்டினான். முன்னால் போகிறவரை அந்தப் பையன் துரத்தவே இல்லை. இப்படிப்பட்டவரால் டூர் டி பிரான்ஸ் மாதிரி மூன்று வாரப் போட்டியை எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது என்று நினைக்கிறேன். "அவனுக்கே மன உறுதி இல்லை, நீ ஏன் இதில் நேரத்தை வீணாக்குகிறாய்?" என்று மகனிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானே?

— ஒரு தந்தை, வேளச்சேரி

பதில்: சரியில்லை, ஐயா. டெல் டோரோவைப் பற்றிச் சொன்னதும் சரியில்லை, அதை வைத்து மகனுக்குச் சொன்னது அதைவிடச் சரியில்லை.

முதலில் டெல் டோரோ. 2003 நவம்பரில் மெக்சிகோவின் எஞ்செனாடா என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அந்த ஜிரோவின்போது அவருக்கு வயது 21. அதற்கு முன் அவர் ஓட்டிய மூன்று வாரப் போட்டி ஒன்றே ஒன்றுதான்: 2024 ஸ்பெயின் வுவெல்டா. ஜிரோவுக்கு வந்தபோது அணியின் தலைவரும் அவர் இல்லை. ஹுவான் அயூசோவும் ஆடம் யேட்ஸும்தான் முன்னிறுத்தப்பட்டவர்கள். சியேனாவில் முடிந்த 9வது கட்டத்தில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), மண் சாலைகளில் எல்லாரும் சிதறிய நாளில், மொத்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் பிங்க் ஜெர்சி இவர் கைக்கு வந்தது. மெக்சிகோக்காரர் ஒருவர் அந்த ஜெர்சியை அணிந்தது அதுவே முதல் முறை. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு, பீசாவில் முடிந்த டைம் ட்ரையலிலும் (ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவது) அதைக் காப்பாற்றிக்கொண்டார். அயூசோ 18வது கட்டத்தில் போட்டியிலிருந்தே விலகினார். இத்தனைக்கும் பிறகு மொத்தக் கணக்கில் இரண்டாம் இடம், இளையோருக்கான வெள்ளை ஜெர்சி. இதை நீங்கள் 'கோட்டைவிட்டது' என்கிறீர்கள்.

நீங்கள் யூடியூபில் பார்த்த சில நிமிடங்கள், 205 கிலோமீட்டர் ஓட்டத்தின் ஒரு துண்டு. அந்த 20வது கட்டம் வெர்ரேஸில் தொடங்கி செஸ்ட்ரியேரேயில் முடிந்தது. நடுவே ஃபினெஸ்ட்ரே கணவாய், 2,178 மீட்டர். நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து ஏறுகிறோமே, ஏறக்குறைய அந்த ஏற்றம் முழுவதையும் பதினெட்டரை கிலோமீட்டரில் ஏற வேண்டும். கடைசி 8 கிலோமீட்டர் தார் கிடையாது, சரளை.

அன்று காலை நிலவரம் இது: டெல் டோரோ முதலிடம், ரிச்சர்ட் கராபாஸ் 43 வினாடி பின்னால், சைமன் யேட்ஸ் (மேலே சொன்ன ஆடமின் சகோதரர், வேறு அணிக்காக ஓட்டியவர்) 1 நிமிடம் 21 வினாடி பின்னால். கராபாஸ் 2019இல் இதே ஜிரோவை வென்றவர், அந்த வாரம் முழுக்கத் தாக்கிக்கொண்டே இருந்தவர். டெல் டோரோ அவரை விடாமல் ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் கிளம்பிப் போனபோது, துரத்த வேண்டியது நீதான் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்சி உன்னிடம்தானே இருக்கிறது என்பது கராபாஸின் கணக்கு. நான் இழுத்தால் என் முதுகிலேயே ஒட்டி வந்து கடைசியில் தாக்குவாய் என்பது டெல் டோரோவின் பயம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை உங்கள் மகனே உங்களுக்கு விளக்குவான். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு, அதனால் இன்னொருவர் பின்னால் ஒளிந்து ஓட்டுவதில் பெரிய லாபம் இல்லை. சமதளத்தில் அதுதான் எல்லாமே. யேட்ஸின் அணி காலையிலேயே வவுட் வான் ஆர்டை முன்னால் அனுப்பி வைத்திருந்தது. யேட்ஸ் மலையைத் தாண்டி இறங்கியதும் பள்ளத்தாக்கில் வான் ஆர்ட் காத்திருந்து, காற்றைத் தன் மார்பில் வாங்கி அவரை இழுத்துப் போனார். பின்னால் இருந்த இருவரும் அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ரோமில் யேட்ஸின் வெற்றி 3 நிமிடம் 56 வினாடி வித்தியாசத்தில்.

இதில் தோற்றது கால்களா, மன உறுதியா? இரண்டும் இல்லை. தவறான ஆளைக் காவல் காத்ததால் தோற்றார். அது தீர்மானத்தில் வந்த பிழை, பெரிய பிழைதான். ஆனால் கால்களில் வலு இல்லாதவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. தீர்மானத்தில் பிழைப்பவருக்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

இதற்கு நான் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். அன்று அவரைத் தோற்கடித்தவரே சாட்சி. 2018 ஜிரோவில் இதே சைமன் யேட்ஸ் 13 நாள் பிங்க் ஜெர்சியில் இருந்தார், மூன்று கட்டங்களை வென்றார். 19வது கட்டத்தில் இதே ஃபினெஸ்ட்ரே மலையில் உடைந்து போனார். கிறிஸ் ஃபுரூம் 80 கிலோமீட்டர் தனியாகப் பறந்த நாள் அது. யேட்ஸ் அன்று ஒரே நாளில் இழந்தது 38 நிமிடத்துக்கும் மேல். டெல் டோரோ இழந்ததைப் போல ஏழு மடங்கு. அந்த வருடம் செப்டம்பரிலேயே யேட்ஸ் வுவெல்டாவை வென்றார். அன்றைக்கு யாராவது ஒரு தகப்பனார் தன் மகனிடம் யேட்ஸைக் காட்டி "இவனால் ஆகாது" என்று சொல்லியிருந்தால், நான்கு மாதம்கூடத் தாங்கியிருக்காது அந்தத் தீர்ப்பு.

சரி, மூன்று வாரப் போட்டிக்குத் தகுதியானவர் யார் என்று எதை வைத்துச் சொல்வது? 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். ஒரு நாள் மலையில் பறப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரவு தூங்கி, காலையில் பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டு, ஓட்டத்தில் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்தை வயிறு ஏற்றுக்கொள்ளும்படி பழக்கி, பதினாறாம் நாளும் முதல் நாளைப் போலவே மிதிக்கிறவர்கள் மிகக் குறைவு. மோசமான நாள் எல்லாருக்கும் வரும். அதற்கு அடுத்த நாள் என்ன ஆனார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

டெல் டோரோவுக்கு அந்த மோசமான நாளும் அந்த ஜிரோவிலேயே வந்தது. 16வது கட்டம், சான் வாலென்டினோ ஏற்றம். கராபாஸிடம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். முன்னிலை வெறும் 26 வினாடியாகச் சுருங்கியது. பையன் முடிந்தான் என்றே பலரும் நினைத்தார்கள். மறுநாள் மோர்ட்டிரோலோ மலையைத் தாண்டி, போர்மியோவில் அந்தக் கட்டத்தையே வென்றார். உங்கள் மகன் அதையும் காட்டியிருப்பான், அல்லது நீங்கள் ஒரே ஒரு வீடியோவோடு நிறுத்திக்கொண்டிருப்பீர்கள். மன உறுதி என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியதால் சொல்கிறேன்: மூன்றாவது வாரத்தில், 21 வயதில், அடிபட்ட மறுநாள் ஜெயிப்பதை வேறு என்ன பெயரிட்டு அழைப்பீர்கள்?

ரெம்கோ எவனபூலும் இந்த வழியில் வந்தவர்தான். 2021இல் அவருடைய முதல் ஜிரோ பாதியில் முடிந்தது. அடுத்த வருடம் 22 வயதில் வுவெல்டாவை வென்றார். 2023 வுவெல்டாவில் தூர்மலே மலையில் 27 நிமிடம் இழந்தார், மறுநாளே ஒரு கட்டத்தை வென்றார். 2024 டூரில் மூன்றாம் இடம்.

இதைச் சொன்னதால் டெல் டோரோவுக்கு டூர் உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் உச்சம் தொட்டு அங்கேயே நின்றவர்களும் உண்டு. டாமியானோ குனேகோ 2004இல் 22 வயதில் ஜிரோவை வென்றார். அதற்குப் பிறகு எந்த மூன்று வாரப் போட்டியிலும் முதல் மூவரில் வரவில்லை. லொம்பார்டி போன்ற ஒருநாள் பந்தயங்களில் பெரிய ஆளாகவே இருந்தார், அது வேறு விஷயம். மேலே சொன்ன அயூசோ 19 வயதில் வுவெல்டாவில் மூன்றாவதாக வந்தவர். 2025 முடியும்வரை அதைத் தாண்டி ஒரு படிகூட ஏற முடியவில்லை.

ஆனாலும் டெல் டோரோவின் பாதையில் இருக்கும் பெரிய தடை அவருடைய உடம்போ மனமோ அல்ல. அவருடைய அணிதான். ததேய் போகச்சார் அதே அணியில் இருக்கிறார். 2025 வரை 4 டூர் வென்றவர், 2030 வரை அந்த அணியோடு ஒப்பந்தம் செய்தவர். அவர் டூரில் நிற்கும்வரை மற்ற எல்லாரும் அவருக்குக் காற்று உடைக்கத்தான் போக வேண்டும். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: அவருக்கு எப்போது, எந்தப் போட்டியில் முழுத் தலைமை கொடுப்பார்கள்?

இதுவும் புதிதல்ல. 1985 டூரில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்டுக்கு 24 வயது. தன் அணித் தலைவர் பெர்னார்ட் இனோ மூக்கு உடைந்த நிலையில் பின்னால் தவிக்க, லூஸ் ஆர்டிடென் ஏற்றத்தில் லெமாண்ட் முன்னால் இருந்தார். வேகமெடுக்காதே என்று அணி தடுத்துவிட்டது. இனோ ஐந்தாவது டூரை வென்றார், லெமாண்ட் இரண்டாவது. அடுத்த வருடம் அதே இனோவின் கடும் போட்டியைத் தாண்டி லெமாண்ட் வென்றார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து டூரை வென்ற முதல் ஆள் அவர்தான். இளையவர்களுக்கான டூர் டி லவனீரை லெமாண்ட் 1982இல் வென்றவர். கொலம்பியாவின் ஏகன் பெர்னால் 2017இல், போகச்சார் 2018இல், டெல் டோரோ 2023இல். முதல் மூவரும் பிறகு பெரிய டூரையும் வென்றார்கள். நான்காமவருக்கு முடியாது என்று நான் எழுத மாட்டேன். ஜிரோவையோ வுவெல்டாவையோ முதலில் அவர் வெல்வார் என்பது என் எதிர்பார்ப்பு. டூர், அணி வழிவிடுவதைப் பொறுத்தது.

அப்புறம் உங்கள் மகன். அவன் டூர் ஓட்டுவான் என்று நான் சொல்லப் போவதில்லை. சென்னையில் பரங்கிமலையைத் தவிர ஏற நமக்கு மலை கிடையாது. சாலைப் பந்தயத்துக்கு வேண்டிய போட்டிகளும் பயிற்சியாளர்களும் இங்கே குறைவு. இந்தியர்கள் உலக அளவில் பதக்கம் வாங்கியது சாலையில் அல்ல, டிராக்கில்: 2018இல் ஜூனியர் உலகப் போட்டியில் ஈசோ ஆல்பன் வெள்ளி, 2019இல் ஜூனியர் டீம் ஸ்பிரின்ட்டில் தங்கம். எஞ்செனாடாவில் இருந்தும் ஐரோப்பாவுக்கு நேர் வழி கிடையாது. சான் மரினோவில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு மெக்சிகோ அணி இருந்ததால்தான் டெல் டோரோவுக்கு அந்த வாசல் திறந்தது. நம் பையன்களுக்கு அப்படி ஓர் அணி வேண்டும் என்று நம் சைக்கிள் சங்கங்களிடம் கேளுங்கள். உங்கள் கோபம் அங்கே பயன்படும்.

ஆனால் 'அவனுக்கே முடியவில்லை, உனக்கு எதற்கு' என்பது, பதினாறு பதினேழு வயதில் விடியற்காலையில் தானாக எழுந்து கடல் காற்றுக்கு எதிரே மிதிக்கிற பிள்ளையிடம் சொல்லக் கூடாத வார்த்தை. படிப்பு பாதிக்கிறதா? அதைப் பற்றி நேராகப் பேசுங்கள், நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். லாரிகளுக்கு நடுவே போகிறானே என்று பயமா? அது நியாயமான பயம். நல்ல பின்விளக்கு வாங்கிக் கொடுங்கள், தனியாகப் போகாமல் குழுவோடு போகச் சொல்லுங்கள். உங்கள் பயத்தை, முன்பின் தெரியாத ஒருவரின் தோல்விக்குள் ஒளித்துவைத்து அவன் மேல் எறிய வேண்டாம்.

நீங்கள் சொன்னதை இந்த வாரமே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். போர்மியோவில் முடிந்த 17வது கட்டத்தை அவனோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள், அவன் விளக்கட்டும். அடுத்த விடுமுறையில் ஏலகிரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு. அவன் முன்னால் ஏறட்டும், தண்ணீர் பாட்டிலோடும் வாழைப்பழத்தோடும் நீங்கள் காரில் பின்னால் போங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளை அதற்கப்புறம் யோசிக்கலாம்.