எலும்பைக் கரைக்கும் செல்லை எழுப்புவது யார்? (கேள்வி பதில்)

திருவையாற்றிலிருந்து: ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பைக் கரைக்கிறது என்கிறீர்கள். அது இல்லாவிட்டால் நல்லதுதானே சார்?

எலும்பு கெட்டியாகும், ஆனால் சட்டென்று முறியும். ஆற்றங்கரை உடைப்பை அடைக்கும்போது பொலபொலத்த மண்ணை வெட்டிவிட்டுத்தானே புதுமண் போட்டு மிதிக்கிறோம்? ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகத் தேவையான எம்-சிஎஸ்எஃப் புரதம் பிறவியிலேயே இல்லாத ஓபி/ஓபி எலிகளில் வெட்ட ஆளில்லை. மஜ்ஜைக் குழி எலும்பால் அடைபடும், பல்லும் வெளியே வராது.

மன்னார்குடியிலிருந்து: அந்தச் செல் உருவாக உத்தரவு எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக இரண்டு புரதங்கள். மோனோசைட் என்ற வெள்ளையணு வம்சத்து முன்செல்லைச் சாகாமல் காத்துப் பெருக்குவது எம்-சிஎஸ்எஃப். அந்தச் செல்லின் மேலுள்ள ரேங்க் ஏற்பியில் இரண்டாவது புரதமான ரேங்க்-எல் வந்து ஒட்டினால், உள்ளே டிராஃப்6, என்எஃப்-கப்பா-பி, சி-ஃபாஸ் என்ற புரதங்கள் வழியாக என்எஃப்ஏடிசி1 என்ற புரதம் கிளம்பும். அதுதான் மேஸ்திரி. செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பல உட்கரு கொண்ட பெரிய செல்லாவதும், எலும்பின் புரதத்தை அரிக்கும் கேதெப்சின்-கே நொதி சுரப்பதும் அது திறக்கும் மரபணுக்களால்தான். வேடிக்கை என்னவென்றால், ரேங்க்-எல்லைத் தருவதில் எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்டுக்கும் பங்குண்டு. எலும்புக்குள் புதைந்த ஆஸ்டியோசைட் அதைவிடப் பெரிய ஆள். 1997இல் அறியப்பட்ட ஓபிஜி என்ற புரதம், ரேங்க்-எல்லை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தராசு ரேங்க்-எல் பக்கம் சாய்கிறது.

தஞ்சாவூர் ஆய்வு மாணவர்: எலி மஜ்ஜையிலிருந்து ஆஸ்டியோகிளாஸ்ட் வளர்க்கிறேன். 7 நாளாகியும் பெரிய செல்லே தெரியவில்லை.

தம்பி, ஒருவேளை வந்து செத்தே போயிருக்கும். 4ஆம் நாளிலிருந்து தினமும் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்; உச்சம் தொட்டு ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். எம்-சிஎஸ்எஃப் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் கொடுத்து 3 நாள் வளர்த்து, ஒட்டிய செல்களை 96 குழித் தட்டில் குழிக்குச் சுமார் 10,000 போடுங்கள். பிறகு எம்-சிஎஸ்எஃப்பை நிறுத்தாமலே ரேங்க்-எல் 50 முதல் 100 நானோகிராம். செல் குறைந்தால் ஒன்றோடொன்று சேரப் பக்கத்துச் செல் இருக்காது. ரேங்க்-எல்லை உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைத்தால் வீரியம் போய்விடும்; சிறு பங்காகப் பிரித்து வையுங்கள். அதில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கலந்திருந்தால் இளம் முன்செல் ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகாமலே நின்றுவிடும். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தின் லாட் மாறியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஆஸ்டியோகிளாஸ்ட்டின் டிராப் நொதியைக் காட்டும் சாயம் ஏறி, 3 உட்கருவாவது இருந்தால்தான் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து: அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைந்ததற்கு டெனோசுமாப் ஊசி போட்டு எலும்பு அடர்த்தி ஏறியிருக்கிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த ஊசி ஓபிஜி போலவே ரேங்க்-எல்லைப் பிடித்துவைக்கிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், தோலடியில். பிடி விட்டதும் அடங்கிக் கிடந்த செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும்; முதுகெலும்பு பல இடங்களில் நசுங்கலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவர் வேறு மருந்துக்கு, பெரும்பாலும் எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட்டுக்கு, மாற்றுவார். தவணையும் தள்ளிப்போகக் கூடாது. ஊசிக்கு முன் ரத்தக் கால்சியம், வைட்டமின் டி பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மயிலாடுதுறையிலிருந்து: அப்பாவுக்கு முழங்காலில் எலும்புத் தேய்மானம். அதே ஊசி போடலாமா?

அது மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்வது; இந்த ஊசி போடுவது எலும்பின் அடர்த்தி குறைவதற்கு. இரண்டுக்கும் நாம் ஒரே பேர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம். முழங்கால் தேய்மானத்துக்கான மருந்தல்ல இது.